போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு

மார்ச் 3, செவ்வாய்

கடையில் கூட்டமில்லை. இரண்டு மூக்குக்கண்ணாடிகளுக்கு வில்லை தேய்த்துக் கொடுத்தேன். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது அதற்குள் எதிர்த் தெரு முழுவதும் தலைகீழாகத் தெரிந்தது. மனிதர்கள் வானத்தில் நடந்துபோனார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். வாங்க வந்தவர் இரண்டு தரம் கனைத்தார். அக்கா எனக்குப் ‘பராக்கு’ என்று பேர் வைத்தது சும்மா இல்லை.

வீட்டுக்கு வந்தால் மேசை மேல் கடிதம். அக்காவின் கையெழுத்து. ஏழு வருடத்துக்குப் பிறகு! உறையின் மேல் என் மனைவியின் பெயர். என் பெயர் இல்லை.

உள்ளே நாலே வரி. தீவில் இருக்கும் கடல் ஆய்வு நிலையத்தை மூடுகிறார்கள். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுச் சாவியை ஒப்படைப்பதுதான் அங்கே அவளுக்குக் கடைசி வேலை. 28ஆம் தேதி கப்பல் வந்து எல்லோரையும் நேரே புது நிலையத்துக்கு ஏற்றிப் போகிறது. நான்கு நாள் பயணம். எல்லாரும் நல்லா இருங்க.

அந்த ‘எல்லாரும்’ என்பதில் நான் உண்டா? இவளிடம் கேட்டேன். “அவங்களையே போய்க் கேளுங்க” என்றாள்.

மார்ச் 4, புதன்

போய்க் கேட்பதாம். எதில் போவது? தீவுக்குப் போய்க்கொண்டிருந்த பயணிகள் படகை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. நிலையத்துச் சரக்குப் படகு தபாலைக் கொண்டு வரும், வெளியாளை ஏற்றாது. இருப்பது நம் படகு ஒன்றுதான். அப்பாவின் படகு. வயிற்றுக்குள் பெட்ரோல் எஞ்சின். கிளம்பினால் பின்னால் கறுப்புப் புகை. துறையில் அதற்குக் ‘கரிச்சட்டி’ என்று பேர்.

அந்தப் படகால்தான் சண்டையே. தீவில் வேலை கிடைத்தபோது அக்கா அதைத் தன்னோடு கொண்டுபோகக் கேட்டாள். நியாயமான கேள்வி, அப்பாவுக்குப் பிறகு எஞ்சினைக் கவனித்துக்கொண்டது அவள்தான். நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மேகம் பார்ப்பவன். ஆனாலும் தரமாட்டேன் என்றேன். அவள் கிளம்பிய அன்று காலை துறையில் வைத்து, “நீ இல்லாம ஓடாதா என்ன” என்றும் சொன்னேன். எந்த வாயால் சொன்னேனோ! அவள் பெட்டியைத் தூக்கினாள். “இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றாள். பயணிகள் படகில் ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. நானும் போகவில்லை.

மார்ச் 5, வியாழன்

கடையை மதியமே சாத்திவிட்டுப் படகை எடுத்தேன். சிவப்பு மிதவை வரை போய் வந்தால் ஐந்து கிலோமீட்டர். தொட்டிக்குள் குச்சி விட்டு, போகும் முன்பும் வந்த பின்பும் அளந்தேன். குடித்தது ஐந்து லிட்டர். தீவு இருபத்தைந்து கிலோமீட்டர். அப்படியானால் போக மட்டும் இருபத்தைந்து லிட்டர். தொட்டி கொள்வதோ நாற்பது. போகலாம், வர முடியாது. தீவில் பெட்ரோல் கிடையாது. நிலையத்து ஜெனரேட்டரும் டீசல்.

கேனில் எடுத்துப் போகலாமா என்று துறைக் காவலரைக் கேட்டேன். முன்பு ஒரு படகு அப்படித்தான் எரிந்ததாம். “நான் இருக்கிறவரைக்கும் நடக்காது” என்றார்.

மெக்கானிக்கிடம் போனேன். படகு எஞ்சின் பார்க்கிறவர், ஆனால் படகில் கால் வைத்தால் அவருக்குக் குமட்டும். எதுவானாலும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். கணக்கைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். “போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு. மூணாவது பங்கைத் தொடவே கூடாது, கண்ணாடிக்காரரே. அது காத்துக்கும் அலைக்கும்.”

நாற்பதில் மூன்றில் ஒன்று. பதின்மூன்று லிட்டருக்குள் தீவுக்குப் போய்ச் சேர வேண்டும். இருபத்தைந்தைப் பதின்மூன்றாக்க எனக்கு இருபத்து மூன்று நாள் இருக்கிறது.

திரும்பி வருவதற்கு எதற்கு அவ்வளவு கவலை, உங்க அக்காதானே, ஒரு வாரம் தங்கினால் ஆகாதா என்கிறாள் இவள். இவளுக்கு எப்படிச் சொல்வது? அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டால் அங்கே ஒரு மணி நேரம் நிற்கக்கூட என்னால் முடியாது. திரும்பி வரப் பெட்ரோல் இருக்கிறது என்ற தைரியம் இருந்தால்தான் போகவே கால் எழும்.

மார்ச் 8, ஞாயிறு

படகைக் கரையேற்றி அடிப்பக்கம் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம். பாசி ஒரு விரற்கடை. அதன்மேல் கல் மாதிரி ஒட்டுச்சிப்பிகள். புரொப்பெல்லரில் பாதி கண்ணுக்கே தெரியவில்லை. இத்தனை நாளும் ஒரு தோட்டத்தை இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

காலையிலிருந்து சுரண்டினேன். இவளும் சுரண்டினாள். பாசியின் பச்சை வாசனையும் வெயிலும் சேர்ந்து கிறுகிறுத்தது. சுரண்டச் சுரண்ட அடியில் அப்பா அடித்த நீலம் வந்தது. அந்த நீலத்தை மறந்தே போயிருந்தேன். சிறுவயதில் நானும் அக்காவும் இந்தப் படகின் அடியில் படுத்துக்கொண்டு, இதுதான் வானம் என்று விளையாடியிருக்கிறோம்.

இவள் சொன்னாள்: “கையை நிறுத்திட்டு எங்கேயோ போயிட்டீங்க.”

மார்ச் 9, திங்கள்

சிவப்பு மிதவை: 4.2. தீவுக்கு இருபத்தொன்று. இறங்கியிருக்கிறது!

மார்ச் 11, புதன்

கனவில் எஞ்சின் தண்ணீருக்கு அடியில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமில்லை. புகைக்குப் பதிலாகக் குமிழிகள்.

மார்ச் 12, வியாழன்

எஞ்சினின் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். நான்கும் கரி பிடித்து மை பூசியது போல. பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நன்றாக எரிகிற எஞ்சினில் பிளக் முனை செங்கல் நிறத்தில் இருக்குமாம். பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்றால் இப்படிக் கறுக்குமாம். “மூச்சு முட்டுது அதுக்கு” என்றார்.

புது பிளக் நான்கு. காற்று உள்ளே போகும் வாயில் ஒரு வலைக்கிண்ணம் இருக்கிறது, தீப்பொறி வெளியே வராமல் தடுப்பது. அதையும் கழுவித் துடைத்தேன். கடையில் வில்லை துடைக்கும் துணியால்தான். இவளுக்குத் தெரியாது.

மார்ச் 13, வெள்ளி

4.2. அசையவே இல்லை.

மார்ச் 15, ஞாயிறு

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையே கழற்றிக் குழந்தையைப் போல் துணியில் சுற்றி எடுத்துப்போனேன். மெக்கானிக் அக்கக்காகப் பிரித்து, ஊதி, திரும்பப் பூட்டினார். மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறதாம். புதுசு கெட்டது போங்கள் என்றார்.

மாலையில் அதைப் பொருத்தினேன். எந்தக் கம்பி எங்கே இருந்ததோ அங்கேயே மாட்டினேன். எஞ்சின் மூடியைத் திறந்து புளோயர் விசிறியைப் போட்டேன். பெட்ரோல் ஆவி கனமானது. படகின் அடிவயிற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாலு நிமிடம் விசிறி ஓடி அதை வெளியே தள்ளிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும். அப்பா காலத்துச் சட்டம், அந்த நாலு நிமிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் மூக்கு வேலை செய்யாது என்பார். கடைசியில் அக்கா குனிந்து மோந்து பார்த்து, ம் என்று தலையாட்டுவாள். அவள் மூக்குக்கு அப்பாவே கட்டுப்படுவார்.

அந்த நாலு நிமிடத்தில்தான் நான் வளர்ந்தேன் என்று தோன்றுகிறது. விசிறியின் ரீங்காரம், தண்ணீர் பலகையைத் தட்டும் சத்தம், யாரும் எதுவும் சொல்லாத நேரம். எவ்வளவு தூரம் போய்வருவேன்! இன்று அந்த நாலு நிமிடத்தில் அக்கா எதிரே உட்கார்ந்திருந்தாள். கோபமாக இல்லை. சும்மா இருந்தாள். சாவியைத் திருப்பியதும் புகை வந்தது, அவள் போய்விட்டாள்.

4.2. மறுபடியும்.

மார்ச் 17, செவ்வாய்

வேண்டாத கனத்தையெல்லாம் இறக்கினேன். துருப்பிடித்த சங்கிலி, உடைந்த நாற்காலி, மூன்று பழைய பேட்டரிகள், அடியில் தேங்கியிருந்த எட்டு வாளித் தண்ணீர். வேகத்தையும் குறைத்தேன். மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்காமல், தண்ணீர் இரண்டு பக்கமும் அலுங்காமல் விலகுகிற அளவுக்கு மெதுவாக.

3.6. தீவுக்குப் பதினெட்டு. போய்த் திரும்ப முப்பத்தாறு. நாலு லிட்டர் மிஞ்சும். போயிடலாமா? காற்று எதிரே அடித்தால்? நடுக்கடலில் நின்றால்?

கழற்றிப் பார்த்தேன். புது பிளக் நாலும் கறுப்பு.

என்னதான்டா உனக்கு வேணும். எல்லாம் செஞ்சாச்சே. சுரண்டியாச்சு, கழுவியாச்சு, மாத்தியாச்சு. அவ கை பட்டா மட்டும்தான் ஓடுவியா? நீ இல்லாம ஓடாதான்னு கேட்டேனே, அதுக்குத்தானா இது?

மார்ச் 18, புதன்

இவள் கடைக்கு வந்தாள். சாப்பாட்டை வைத்துவிட்டு, “அவங்க போனப்புறம் எஞ்சின் சரியாகி என்ன பண்ண” என்றாள். பத்து நாள் இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கறுப்புப் பிளக்குகளைப் பார்த்து மெக்கானிக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. பட்டறையைப் பூட்டிக்கொண்டு என்னோடு துறைக்கே வந்தார். படகில் ஏறவில்லை. மேலே கல்லின் மேல் நின்று, ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னார். காட்டினேன். கடைசியில் சோக்கைத் திறந்து காட்டுங்கள் என்றார்.

திறக்க முடியாது, அது கட்டியிருக்கிறது என்றேன்.

“யார் கட்டினது?”

“அக்கா.”

“எப்போ?”

“ஏழு வருஷம் ஆச்சு.”

அவர் மெதுவாக அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கிளம்பிய அன்று காலை கடுங்குளிர். எனக்காகக் கடைசியாக ஒருமுறை எஞ்சினைக் கிளப்பிக் கொடுக்க வந்தாள். கிளம்பிக் கிளம்பி நின்றது. சோக் பிடியைப் பாதி இழுத்து, நழுவாமல் இருக்கச் சிவப்பு உறை போட்ட கம்பியால் முடிச்சுப் போட்டாள். “இழுத்தே வை, அவுத்துடாதே” என்றாள். அதற்கப்புறம்தான் சண்டை. அவள் கட்டியதை நான் அவிழ்க்கவே இல்லை. கார்புரேட்டரைக் கழற்றும்போது பிடியிலிருந்து வரும் சோக் கம்பியின் நுனியை மட்டும் விடுவித்து, திரும்ப அப்படியே மாட்டினேன். அந்த முடிச்சு என் கண்ணுக்கு எஞ்சினின் ஒரு உறுப்பாகவே ஆகிவிட்டது.

சோக் என்பது எஞ்சினின் காற்றை அடைப்பது. குளிரில் கிளம்ப வைக்க இரண்டு நிமிடம் அடைக்கலாம். சூடேறியதும் திறந்துவிட வேண்டும். நான் ஏழு வருடமாக அதன் கழுத்தைப் பிடித்திருக்கிறேன்.

மெக்கானிக் திட்டவில்லை. “அவுத்துடுங்க” என்றார். போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 20, வெள்ளி

அவிழ்க்கவில்லை. துறைக்குப் போனேன், முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். அவள் என் கண்ணெதிரே கடைசியாகச் செய்த காரியம் அது. அதில் அவள் விரல் இருக்கிறது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். இவளிடம் சொன்னேன். இவள் சிரிக்கவில்லை.

மார்ச் 21, சனி

விடியற்காலை. துறையில் பனிமூட்டம், படகுகள் எல்லாம் தண்ணீர் மேலா, வெள்ளைத் துணி மேலா என்று தெரியவில்லை. துறைக் காவலர் கத்தரி தரட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வெட்டக் கூடாது, அவிழ்க்க வேண்டும். இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்து நெகிழ்த்தினேன். வந்துவிட்டது. சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நாலு நிமிடம். மோந்து பார்த்தேன். அக்காவைப் போல ம் என்று எனக்கு நானே தலையாட்டினேன். கொஞ்சம் சோக்கை இழுத்துக் கிளப்பி, சூடேறியதும் உள்ளே தள்ளினேன்.

அந்தச் சத்தம்! இருமல் இல்லை. தூங்குகிற ஒருத்தர் நெஞ்சு ஏறி இறங்குவது போல் சீராக இருந்தது. அப்பா இருந்த காலத்துச் சத்தம். பின்னால் திரும்பினால் புகை இல்லை, பனிதான் இருந்தது.

சிவப்பு மிதவை: 2.6. ஐந்தால் பெருக்கினேன். மறுபடி பெருக்கினேன். பதின்மூன்று.

மார்ச் 22, ஞாயிறு

தீவில், அக்காவின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். இரண்டு பேர் பேச வேண்டியதில் மூன்றாவது ஆள் கனம் என்றாள். தனியாகத்தான் வந்தேன். கடல் எண்ணெய் தடவியது போல் இருந்தது. பாதி தூரத்தில் கரையும் தெரியவில்லை, தீவும் தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒரே நிறம். நகர்கிறேனா, நிற்கிறேனா? எஞ்சின் சத்தம் மட்டும் போகிறாய், போகிறாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பயமாக இல்லை. பிறகு வானத்தில் ஒரு கறை மாதிரித் தீவு வந்தது, இறங்கித் தண்ணீரில் உட்கார்ந்தது.

இறங்குதுறை முனையில் ஒருத்தி நின்றிருந்தாள், கையில் எண்ணெய்த் துணியோடு. தலை முன்பக்கம் நரைத்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிப் போகப் பெட்ரோல் இருக்கிறது, திரும்பிப் போகப் பெட்ரோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். அவள் படகின் பின்பக்கத்தையே பார்த்தாள். அப்புறம் பேசினாள்.

“தூரத்திலேயே கேட்டுச்சு. அப்பா படகு மாதிரி இருக்கே, புகையைக் காணோமேன்னு பார்த்தேன். போன வருஷம் இங்க வந்தவங்க கரிச்சட்டின்னாங்களே.”

நான் சட்டைப்பையிலிருந்து சிவப்புக் கம்பியை எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தாள். “இது நான் கட்டினதுல்ல? எப்ப அவுத்தே?”

“நேத்து.”

அவள் துறைப் பலகையிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அது நிற்கவில்லை, வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் படகுக்குள்ளேயே நின்றேன், கயிற்றைப் பிடித்துக்கொண்டு.

“டேய் பராக்கு, அன்னைக்குக் குளிர்டா. அதுக்காகக் கட்டினேன். அன்னைக்கு மட்டும்.”

“அன்னைக்கு மட்டும்னு நீ சொல்லலையே அக்கா.”

அவள் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நெற்றியில் எண்ணெய்க் கறை. அதன் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள், நேராக.

“மூஞ்சியில முழிக்க மாட்டேன்னதையும் இப்படித்தான் வெச்சிருந்தியா? அதுவும் அன்னைக்குச் சொன்னதுதான்டா.”

ஏழு வருடம். ஒரு குளிரும் ஒரு கோபமும், இரண்டும் அன்றைக்கே தீர்ந்துபோனவை. நான்தான் முடிச்சை அவிழ்க்காமல் வைத்திருந்தேன். அவளும் வரவில்லையே என்று கேட்க நினைத்தேன். கேட்கும் முன்பே அவளே சொன்னாள். நீ இல்லாமல் ஓடும் என்றவனிடம் எதற்கு வருவது என்று இருந்துவிட்டாளாம்.

“ஓடல அக்கா” என்றேன். “புகைஞ்சுது.”

படகை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எத்தனை வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்! அவள் கேட்டுக்கொண்டாள். புது இடத்தில் அலை பெரிது, இது தாங்காது, உனக்கு இப்போதுதான் ஓட்டவே தெரிந்திருக்கிறது, வைத்துக்கொள் என்றாள்.

குச்சி விட்டுப் பார்த்தேன். குடித்தது பதின்மூன்றுக்கும் குறைவு. இன்று மாலையே கிளம்பலாம். காற்றில்லை. கிளம்பவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இன்னும் இங்கேதான். கடையைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. ஜெனரேட்டர் அறையில் அவள் வேலை செய்கிறாள், நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்கிறேன். அதைக் கிண்டல் செய்கிறாள்.

மார்ச் 26, வியாழன்

கிளம்பினேன். நாலு நிமிடம் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவள் குனிந்து மோந்து பார்த்து, ம் என்றாள்.

அந்த ம்முக்குப் பிறகும் சாவியைத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. அவள்தான் திருப்பினாள்.

மார்ச் 28, சனி

காலையில் இவளையும் ஏற்றிக்கொண்டு சிவப்பு மிதவை வரை போனேன். தொடுவானத்தில் ஒரு கப்பல் போனது. அதுவா வேறா தெரியாது. இவள் கை காட்டினாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயர். பக்கத்தில் சின்னதாகப் ‘பராக்கு’.

உள்ளே எஞ்சினுக்கு மூன்று கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் இப்போது கெடு போட்டிருக்கிறாள். எஞ்சின் எண்ணெயை ஐம்பது மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்று: இது எப்பவும். வெயில் கடுமையாக இருப்பதால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதே: இது மழை வரும் வரை. கார்புரேட்டரில் கை வைக்காதே: இது நான் வந்து பார்க்கும் வரை.

கீழே கொஞ்சம் இடம் விட்டு நாலாவதாக ஒன்று. இங்கே கப்பல் மாதம் ஒருமுறை வரும், ரெண்டு பேரும் கிளம்பி வாங்க: இது எப்பவும்.

இவள் அலமாரியின் மேலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருக்கிறாள்.